அழாத பிள்ளை

(மாவட்ட மைய நூலகம் ஒன்றின் வாசகர் வட்டக் கூட்டத்தில், இளம் பெற்றோருக்காகக் குழந்தை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கைக்குழந்தையோடு வந்திருக்கிறவர்கள் பின்வரிசையில் ஒதுங்கி உட்கார வேண்டாம், முன்னால் வாருங்கள். நடுவில் பிள்ளை அழுதால் அழட்டும். முப்பது வருஷமாக அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். இந்த மைக்தான் எனக்குப் புதிது.

'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்று ஒரு பழமொழி நம்மிடம் இருக்கிறது. சம்பள உயர்வு கேட்கிறவருக்கும், தாலுகா ஆபீசில் மனுவோடு நிற்கிறவருக்கும் அது நன்றாகவே பொருந்தும். பிள்ளைக்குத்தான் பொருந்தாது. பசி எடுத்த பச்சைக் குழந்தை முதலில் அழுவதில்லை. தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடும். உதட்டைச் சப்பும், நாக்கை நீட்டும். முஷ்டியை வாய்க்குக் கொண்டுபோகும். இவ்வளவு செய்தும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றால்தான் அழும். அழுது களைத்த பிள்ளைக்கு மார்பைச் சரியாகக் கவ்வ வராது. இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் தூங்கிப்போகும். அரைமணியில் மறுபடி அழும். 'தாய்க்குப் பால் பத்தலை' என்ற பேச்சு வீட்டில் கிளம்புவது இந்த இடத்தில்தான். மறுநாள் காலையில் அப்பா பவுடர் பால் டப்பாவோடு வந்து நிற்பார்.

பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் குடிக்க வேண்டும். அழுகைக்குக் காத்திருந்தால் இந்தக் கணக்கு வராது. பால் போதுகிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி, நனைந்த துணிகளை எண்ணுவது. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது என்று பொருள். மாமியார் சொல்வதையும் பக்கத்து வீட்டம்மா சொல்வதையும் விட அந்தத் துணிக்கொடி சொல்வதை நம்புங்கள்.

அந்தப் பழமொழிக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அழாத பிள்ளை என்ன ஆகும்?

பல வருஷங்களுக்கு முன்பு ஓர் அப்பத்தா பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தைக்கு இரண்டரை மாதம். தடுப்பூசி தாமதமாகிவிட்டது, போட வேண்டும் என்றுதான் வந்தார். ஊசி போடும் முன் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். "தங்கமான பிள்ளை டாக்டரம்மா. வீட்டுல ஒரு பிள்ளை இருக்குன்னே தெரியாது. நாமளா எழுப்பிவிட்டாத்தான் பாலு. இவ அப்பன் இந்த வயசுல ஊரையே கூட்டுவான்" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

துணியை விலக்கிப் பார்த்தேன். தொப்புள் துருத்திக்கொண்டிருந்தது. தோல் வறண்டு, தொட்டால் சில்லென்று இருந்தது. நாக்கு கொஞ்சம் தடித்து வெளியே தெரிந்தது. மலம் நாலைந்து நாளைக்கு ஒரு தடவை, அதுவும் கெட்டியாக. தொடையில் ஊசி குத்தியபோது குழந்தை அழுதது, ஆனால் குரல் கரகரப்பாக, தொலைவில் யாரோ அழுவதுபோல வந்தது. அன்றைக்கே ரத்தம் எடுத்து அனுப்பினேன். பிறவியிலேயே தைராய்டு சுரப்புக் குறைவு.

நம் நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் குழந்தைக்கு ஒரு குழந்தை இந்தக் குறையோடு பிறக்கிறது. பிறந்த அன்று பார்த்தால் எதுவும் தெரியாது. வயிற்றில் இருக்கும்வரை தாயின் தைராய்டு நீர் குழந்தையைக் காப்பாற்றியிருக்கும். வெளியே வந்தபின் அந்தக் கையிருப்பு மெல்லக் கரையும். மூளை வேகமாக வளர்கிற மாதங்களில் அதற்கு வேண்டிய சுரப்பு இல்லாமல் போகும். கண்டுபிடிக்கக் குதிகாலிலிருந்தோ தொப்புள்கொடியிலிருந்தோ சில சொட்டு ரத்தம் போதும். வைத்தியம், தாய்ப்பாலில் கரைத்துக் கொடுக்கிற ஒரு சின்ன மாத்திரை. பிறந்து இரண்டு வாரத்துக்குள் ஆரம்பித்துவிட்டால் மற்றப் பிள்ளைகளைப் போலவே அறிவு வளரும்.

அந்தக் குழந்தைக்குப் பிறந்த இடத்தில் யாரும் அந்தச் சோதனையைச் செய்திருக்கவில்லை. இரண்டரை மாதம் போய்விட்டது. இப்போது பெரிய பெண்ணாகிவிட்டாள், நன்றாகப் பேசுகிறாள், படிக்கிறாள். கணக்கு மட்டும் மெதுவாக வரும் என்கிறார்கள். கணக்கு யாருக்குத்தான் வேகமாக வருகிறது? அந்த இரண்டரை மாதத்தால்தானா என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கு அந்தச் சந்தேகம் இன்னும் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் ஒன்றைக் கவனிக்க ஆரம்பித்தேன். ராத்திரி பதினோரு மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டுகிற தொந்தரவுகளில் பெரும்பாலானவை சாதுவானவை. நிஜமாகவே ஆபத்தானவை சத்தம் இல்லாமல், "நல்ல பிள்ளை" என்ற பெயரோடு, மெதுவாக வந்து சேர்கின்றன. இன்றைக்கு இதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் சத்தம் போடுகிறதைப் பார்த்துவிடலாம். மூன்றாவது வாரத்தில் தொடங்கும். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம் ஆனால் பிள்ளை கத்த ஆரம்பிக்கும். முகம் சிவந்து, காலை வயிற்றோடு மடக்கி, கை முஷ்டியை இறுக்கி, ஒன்பது பத்து மணிவரை போகும். வயிறு நிறைந்திருக்கும், காய்ச்சல் இருக்காது. 1954இல் மோரிஸ் வெஸல் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் இதற்கு ஒரு மூன்று கணக்குச் சொன்னார்: ஒரு நாளில் மூன்று மணிநேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல். இதைத்தான் இன்றும் கோலிக் என்கிறோம். 1962இல் பெர்ரி பிரேசல்டன் இன்னொரு காரியம் செய்தார். எண்பது குழந்தைகளின் தாய்மார்களை, பிள்ளை எப்போதெல்லாம் அழுதது என்று நாள்தோறும் எழுதி வைக்கச் சொன்னார். நோயில்லாத, நன்றாக வளர்கிற குழந்தைகள். ஆறாவது வாரத்தில் அழுகை உச்சத்துக்குப் போயிருந்தது, நடுத்தரமான குழந்தையே நாளொன்றுக்கு இரண்டே முக்கால் மணிநேரம் அழுதது. பிறகு தானாகவே குறைந்தது. மூன்று மாதத்துக்குப் பின் பெரும்பாலும் அடங்கிவிடும்.

தானாகக் குறைகிற எதற்கும் நம் ஊரில் கைவசம் நூறு வைத்தியம் இருக்கும். கடைசியாகச் செய்த வைத்தியத்துக்குப் பெயர் கிடைத்துவிடும். 'உரம் விழுந்திருக்கு' என்று சேலையில் போட்டு உருட்டுவார்கள். 'தொக்கம் தட்டியிருக்கு' என்று வாயில் குழல் வைத்து ஊதி, எதையோ எடுத்துக் காட்டுவார்கள். கல்லில் வசம்பும் ஜாதிக்காயும் மாசிக்காயும் உரசி நாக்கில் வைப்பார்கள். தெருவில் கழுதை வந்தால் ஒரு சங்கு கழுதைப்பால். வெள்ளைக்காரனும் சளைத்தவன் இல்லை. கிரைப் வாட்டர் 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்டு என்ற மருந்துக்காரர் செய்தது. அந்தக் காலத்துப் புட்டியில் சோடா உப்பு, சதகுப்பை எண்ணெய், சர்க்கரையோடு ஆல்கஹாலும் இருந்தது. குழந்தை ஏன் அமைதியாகத் தூங்கியது என்று யோசித்துப் பாருங்கள். இப்போது ஆல்கஹால் இல்லை. புட்டி மட்டும் நின்றுபோகவில்லை.

பாட்டிமார்களைக் கேலி செய்வதாக நினைக்காதீர்கள். அப்பத்தாக்களிடம் நான் கற்றது நிறைய. தோளில் போட்டு, முதுகைத் தடவி, மெல்ல ஆட்டியபடி முற்றத்தில் நடக்கிறார்களே, அதைவிடப் பெரிய கோலிக் மருந்து இதுவரை எனக்குத் தெரியாது. ஆறுமாதம்வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் வாய்க்குள் போகக் கூடாது, அவ்வளவுதான் நான் கேட்பது. குழல் ஊதுகிற வாயிலிருந்து எந்தக் கிருமி போகிறதென்று யாருக்கும் தெரியாது. காய்ச்சாத கழுதைப்பாலும் அப்படித்தான். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் தடவவே கூடாது; அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் நச்சு பிள்ளையின் தசைகளைச் செயலிழக்க வைக்கும். அப்படித் தளர்ந்துபோன குழந்தையின் அழுகையும் கேட்காது.

இங்கே அப்பாக்களிடம் ஒரு வார்த்தை. இரவு மூன்றாவது மணிநேரமும் அழுகை நிற்காதபோது பொறுமை போகும். போவது இயல்பு. அப்போது பிள்ளையைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, பக்கத்து அறையில் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு வாருங்கள். தோளைப் பிடித்து ஒரு தடவைகூடக் குலுக்கிவிடாதீர்கள். கழுத்து நிற்காத குழந்தையைக் குலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியும். அதற்குப் பிறகும் வீட்டில் அமைதி வரும், ஆனால் அது நாம் கேட்ட அமைதியாக இருக்காது.

அடுத்து மஞ்சள் காமாலை. நிறை மாதத்தில் பிறக்கிற குழந்தைகளில் நூற்றுக்கு அறுபதுக்கு வரும், குறைமாதத்தில் எண்பதுக்கு. காரணம் எளிது. வயிற்றுக்குள் இருந்தபோது தேவைப்பட்ட கூடுதல் சிவப்பணுக்கள் வெளியே வந்ததும் உடைகின்றன. அதிலிருந்து வருகிற மஞ்சள் நிறமியை வெளியேற்றுகிற அளவுக்குக் கல்லீரல் இன்னும் பழகவில்லை. இரண்டு மூன்றாம் நாளில் முகத்தில் தொடங்கி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கி, ஒன்று இரண்டு வாரத்தில் வடிந்துவிடும்.

இதற்கு நீல விளக்கு வைத்தியம் எப்படி வந்தது என்ற கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1956, இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில் ராச்ஃபோர்டு என்ற ஊர் ஆஸ்பத்திரி. குறைமாதக் குழந்தைகள் வார்டைப் பார்த்துக்கொண்டவர் ஜீன் வார்டு என்ற சிஸ்டர். அறைக்குள் புழுங்கிக் கிடப்பதைவிட வெயிலும் காற்றும் நல்லது என்று நம்பியவர். நல்ல வெயில் நாளில் டாக்டர்களுக்குத் தெரியாமல் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோவார். ஒரு நாள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர்களிடம் ஒரு குழந்தையின் துணியை விலக்கிக் காட்டினார். உடம்பு முழுதும் வெளிறியிருந்தது. வயிற்றில் ஒரு முக்கோணம் மட்டும் கடும் மஞ்சள். என்ன பூசினீர்கள் என்று கேட்டார்களாம். துணியின் மூலை மூடியிருந்த இடம் அது. வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் போய்விட்டது. 1958இல் அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் லான்செட் இதழில் எழுதினார்கள். இன்றைக்கு நம் அரசு ஆஸ்பத்திரிகளில் எரிகிற நீல விளக்குகளுக்கெல்லாம் மூலம் அந்த முக்கோணம்தான். ஒரு நர்ஸின் கண் பார்த்தது.

உடனே "அப்ப வெயில்ல காட்டினா போதும்ல?" என்று கேட்பீர்கள். லேசான மஞ்சளுக்கு வெயிலே வேண்டாம், தாய்ப்பாலே போதும். கடுமையான மஞ்சளுக்குக் காலை வெயில் போதாது. மார்கழியில் துணியை அவிழ்த்து வாசலில் போட்டால் உடம்பு குளிர்ந்துவிடும், சித்திரையில் போட்டால் தோல் வெந்துவிடும். விளக்கில் வைப்பது அந்த வெளிச்சத்திலிருந்து வேண்டிய நீலத்தை மட்டும், வேண்டிய அளவு கொடுப்பதற்காக. குளுக்கோஸ் தண்ணீரால் மஞ்சள் குறையாது. பாலுக்குரிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

இதிலும் சத்தமில்லாத பகுதி உண்டு. பிறந்த இருபத்துநான்கு மணிநேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் காத்திருக்காதீர்கள். உள்ளங்கை, உள்ளங்கால்வரை இறங்கிவிட்டாலும் அப்படியே. மஞ்சளான குழந்தை பாலுக்கு எழும்பாமல் சோம்பிக் கிடந்தால் அன்றிரவே கிளம்ப வேண்டும். மஞ்சள் கூடக் கூடத் தூக்கமும் கூடும், பால் குறையும், மஞ்சள் இன்னும் கூடும். இன்னொன்று மலத்தின் நிறம். பிறந்தவுடன் காட்டுப்பீ கருப்பாகப் போகும், பிறகு மஞ்சளாக மாறும். பச்சையானாலும் பயமில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போனாலும், தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை ஒரு வாரம் போகாமல் இருந்தாலும் பயமில்லை, மலம் இளகலாக இருந்தால் சரி. சுண்ணாம்புபோல, களிமண்போல வெளுத்திருந்தால்தான் பயப்பட வேண்டும். கல்லீரலிலிருந்து பித்தம் இறங்குகிற குழாய் அடைபட்டிருக்கலாம். ஜப்பானிய அறுவை மருத்துவர் மோரியோ கசாய் கண்டுபிடித்த அறுவை சிகிச்சை இதற்கு இருக்கிறது. அறுபது நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். தைவானில் 2004 முதல் எல்லாத் தாய்மார்களுக்கும் மல நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வண்ண அட்டை கொடுக்கிறார்கள். நம்மிடம் அட்டை இல்லை. ஆனால் பிள்ளையின் துணி துவைக்கிற பாட்டி இருக்கிறார். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்து, மலம் வெளுத்தால் என்னிடம் சொல்லுங்கள் என்று அவரிடம்தான் நான் சொல்லிவைப்பேன். இந்தப் பிள்ளைகளும் அழுவதில்லை. கொழுகொழுவென்றுகூட இருக்கும்.

சில விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இவை எல்லாம் சத்தமான பயங்கள். பிறந்த பெண் குழந்தைக்கு நாலைந்து நாளில் ரத்தம் கொஞ்சம் படலாம். ஆண், பெண் இருவருக்குமே மார்பு வீங்கலாம், பால்கூடக் கசியலாம். தாயின் ஹார்மோன் செய்கிற வேலை, தானாக வற்றிவிடும். தயவுசெய்து பிதுக்காதீர்கள். பிதுக்கிச் சீழ் வைத்த பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். தும்மல் சளி ஆகாது. விக்கலுக்குத் தண்ணீர் வேண்டாம். இடுப்பில் நீலத் திட்டு அடி பட்டதல்ல. பி.சி.ஜி. போட்ட இடது தோளில் ஒரு மாதம் கழித்துப் பரு கிளம்பி, சீழ் வைத்து, வடுவாக ஆறும்; மருந்து போடாமல் விடுங்கள். தொப்புளில் சாம்பல், விளக்கெண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட வேண்டாம். பால் கக்குவது பரவாயில்லை, பச்சையாக வாந்தி எடுப்பதுதான் குடல் முறுக்கலாக இருக்கக்கூடும். பல் முளைக்கிறது என்று எந்தக் காய்ச்சலையும் ஒதுக்கிவைக்காதீர்கள்.

எடை. இதைப் பற்றி வருகிற கண்ணீர் வேறெதற்கும் வருவதில்லை. பிறந்த வாரத்தில் எடை நூற்றுக்கு ஏழு, பத்து வரை குறையும். இரண்டு வாரத்தில் திரும்ப வந்துவிடும். ஐந்தாறு மாதத்தில் இரண்டு மடங்கு, ஒரு வயதில் மூன்று மடங்கு. இரண்டரைக் கிலோவில் பிறந்த பிள்ளையை மூன்றரைக் கிலோவில் பிறந்த பிள்ளையோடு ஒப்பிட்டால் எந்தத் தாய்க்கும் தூக்கம் வராது. ஒரு பழைய அநியாயத்தையும் சொல்லவேண்டும். 1977இலிருந்து உலகம் முழுதும் பயன்பட்ட வளர்ச்சி அட்டை, கைக்குழந்தைகளைப் பொறுத்தவரை அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பெரும்பாலும் புட்டிப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை அளந்து போட்டது. புட்டிப்பால் பிள்ளை முதல் வருஷத்தின் பின்பாதியில் கூடுதலாகக் கொழுக்கும். அதோடு ஒப்பிட்டு, தாய்ப்பால் குடிக்கிற நல்ல குழந்தைகளை "எடை பத்தாது" என்று நாங்களே சொன்னோம். உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை அளந்து 2006இல் புது அட்டையைக் கொண்டுவந்தது. அதில் தெற்கு டெல்லிப் பிள்ளைகளும் உண்டு. தாய்ப்பாலும் சுத்தமான சூழலும் கிடைத்தால், ஐந்து வயதுவரை எல்லா நாட்டுப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரேபோலத்தான் வளர்கிறார்கள் என்பது அதில் தெரிந்தது. ஆகவே, ஒரு தடவை பார்த்த எடையைப் பார்த்து அழாதீர்கள். அட்டையில் நாலைந்து புள்ளிகளைச் சேர்த்தால் கோடு மேலே போகிறதா என்று பாருங்கள். கோடு படுத்துவிட்டால் அதுதான் சத்தமில்லாத செய்தி.

இப்போது வளர்ச்சிக்கு வருகிறேன். என் பையில் எப்போதும் இரண்டு அட்டவணைகள் இருக்கும். ஒன்று திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் டாக்டர் எம்.கே.சி. நாயர் குழுவினர் உருவாக்கிய பதினேழு கேள்வி அட்டவணை. அங்கன்வாடிப் பணியாளர்கூடப் பத்து நிமிஷத்துக்குள் பார்த்துவிடலாம். இன்னொன்று நம்முடையது, பிள்ளைத்தமிழ். சிரிக்காதீர்கள். காப்புக்கு மூன்றாம் மாதம், செங்கீரைக்கு ஐந்து, தாலுக்கு ஏழு, சப்பாணிக்கு ஒன்பது, முத்தத்துக்குப் பதினொன்று, வருகைக்குப் பதின்மூன்று, அம்புலிக்குப் பதினைந்து என்று மாதம் கணக்கிடுவது மரபு. செங்கீரை என்றால் என்ன? குப்புறக் கிடந்து, கையை ஊன்றி, ஒரு காலை மடக்கி, தலையை நிமிர்த்தி ஆடுவது. ஐந்தாம் மாதக் குழந்தையிடம் நான் பார்ப்பதும் அதைத்தான். சப்பாணி, கைகொட்டுவது, ஒன்பதாம் மாதம், சரி. வருகை, தளர்நடை போட்டு வா என்று அழைப்பது. பதின்மூன்றாம் மாதம், சரி. குமரகுருபரர் மதுரை மீனாட்சிக்குப் பிள்ளைத்தமிழ் பாடியபோது அவருக்குக் குழந்தை மருத்துவம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மரபு பிள்ளைகளை உற்றுப் பார்த்து வைத்திருந்தது.

ஆனால் புலவர் பருவம் என்றார். நாம் அதைத் தேதி ஆக்கிவிட்டோம். "பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாசத்துல நடந்துருச்சு." நடக்கட்டுமே! உலக சுகாதார நிறுவனத்தின் அதே ஆய்வில், தனியாக நடக்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம்வரை பரந்து கிடந்தது. பிடிப்பில்லாமல் உட்காருவது 3.8 முதல் 9.2 வரை. தவழ்வது 5.2 முதல் 13.5 வரை, அதுவும் நூற்றுக்கு நான்கு பிள்ளைகள் மண்டியிட்டுத் தவழாமலே நடந்துவிட்டார்கள். அந்த எல்லையைத் தாண்டினால் காட்டுங்கள், அதற்கு முன் பக்கத்து வீட்டைப் பார்க்காதீர்கள். சீக்கிரம் நடக்கட்டும் என்று சக்கரம் வைத்த வாக்கரில் உட்காரவைக்கிறார்கள். கனடாவில் 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டார்கள். படியில் உருண்ட பிள்ளைகள் அத்தனை பேர். உட்கார்ந்து உந்துகிற பிள்ளைக்கு நிற்கவே வேலை இருக்காது. நம் தச்சர் செய்த நடைவண்டியோ பின்னால் நின்று தள்ள வேண்டியது. அதைத் தள்ளுவதற்குப் பிள்ளை முதலில் எழுந்து நிற்க வேண்டும்.

இந்த மரபில் என்னை மிகவும் யோசிக்கவைப்பது அம்புலிப் பருவம். நிலவைக் காட்டி, 'இதோடு விளையாட வா' என்று நிலவை அழைப்பது. பதினைந்தாம் மாதக் குழந்தை நாம் காட்டும் விரலைப் பார்ப்பதில்லை, விரல் காட்டும் திசையைப் பார்க்கிறது. பிறகு தானே விரலை நீட்டி, நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது: 'நீயும் பார்த்தாயா?' இந்த ஒரு திரும்பல் என் கணக்கில் நடையைவிட முக்கியம். ஒன்றரை வயதிலும் விரல் நீட்டாத, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, முகம் பார்க்காத பிள்ளை ஓடியாடிக்கொண்டுதான் இருக்கும். யாரையும் தொந்தரவு செய்யாது. சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு மணிக்கணக்கில் தானாக விளையாடும். "சமத்து" என்பார்கள். ஆட்டிசமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். பேசிக்கொண்டிருந்த சொற்கள் நின்றுபோனால் எந்த வயதிலும் உடனே காட்டுங்கள்.

காது கேட்காத குழந்தையும் அப்படியே. முதல் சில மாதம் மற்றப் பிள்ளைகளைப் போலவே 'ங்கா' சொல்லும், சிரிக்கும். வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. வாசலில் தட்டைப் போட்டுத் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். அதிர்வுக்கும் நிழலுக்கும் திரும்பிவிடும். பிறந்த ஒரு மாதத்துக்குள் கருவி வைத்துப் பார்த்து, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்து, ஆறு மாதத்துக்குள் கருவி பொருத்த வேண்டும் என்பது முறை. காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே வழி இருக்கிறது. பணம் இங்கே பெரிய தடையில்லை, கடந்துபோகிற மாதங்கள்தான் தடை.

நேரம் ஆகிவிட்டது. வயிற்றுப்போக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1971இல், வங்கதேசப் போரில் ஓடிவந்த அகதிகள் பாங்காவ் முகாமில் காலராவில் சாய்ந்தபோது, சலைன் புட்டி தீர்ந்த நிலையில் டாக்டர் திலீப் மகாலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைத் தொட்டிகளில் வைத்து, உறவினர்களையே குவளையால் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு மூன்று, நான்குக்கு இறங்கியது. அதுதான் நீங்கள் வாங்குகிற ஓ.ஆர்.எஸ். பாக்கெட். ஒரு லிட்டர் பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டரில் கலக்குங்கள். டம்ளருக்குக் கொஞ்சமாகத் தூவினால் உப்பு தப்பிப்போகும். அட்டைப் பெட்டியில் வருகிற இனிப்புப் பானங்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வதை 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை செய்தது. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். துத்தநாகச் சொட்டைப் பதினான்கு நாளும் கொடுங்கள், போக்கு நின்றாலும். உச்சிக்குழி விழுந்தால் அதில் எண்ணெய் வைக்காதீர்கள். உடம்பில் நீர் இல்லை என்று அது சொல்கிறது. அந்த நேரம் பிள்ளை அழுதால் கண்ணீர் வராது. இன்னும் முற்றினால் அழவும் செய்யாது.

மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் வீட்டில் மருந்து கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. மூச்சு வேகமானாலும் அப்படித்தான். மூச்சை எண்ண ஸ்டெதஸ்கோப் வேண்டாம், வினாடி முள் உள்ள கடிகாரம் போதும். இரண்டு மாதத்துக்குள் நிமிஷத்துக்கு அறுபதைத் தொடக்கூடாது. இரண்டிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் ஐம்பது. விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்ளே போனால் எண்ணவே வேண்டாம், கிளம்புங்கள்.

செய்தே பார்க்கலாம். முன்வரிசையில் நீலச் சட்டையில் ஒரு தம்பி இவ்வளவு நேரம் தூங்கிக்கொண்டிருக்கிறான். எத்தனை மாதம் அம்மா? நாலு. துணியைக் கொஞ்சம் விலக்குங்கள், வயிறு தெரியட்டும். எல்லோரும் அந்தச் சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. முள் பன்னிரண்டுக்கு வருகிறது. இப்போது.

...

எனக்கு முப்பத்தெட்டு. உங்களுக்கு? நாற்பது என்கிறார் பின்னாலிருந்து ஒரு ஐயா. இரண்டும் சரிதான். அம்மா, அவன் கை வாய்க்குப் போகிறது பாருங்கள், தலையும் திரும்புகிறது. நான் நிறுத்திக்கொள்கிறேன். நீங்கள் அந்த அறையில் உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டு வாருங்கள். கேள்விகளை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.